தடை போட்ட நாப்பத்தி மூணு வார்த்தை

…நான் ஆரம்பிச்ச மன்றம் சார்! நான்! அதுல என்னையே உள்ள வுட மாட்டேன்னுடுச்சுங்க. 'முப்பது நாளைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு செவப்பு எழுத்துல காட்டுது. சொந்த வூட்டு வாசல்ல செருப்பக் கையில புடிச்சிகினு நிக்கிற மாதிரி ஆயிப்போச்சு… உக்காருங்க, உக்காருங்க. எதிர் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்து மூணு நாளாவுது, இன்னும் எங்க வூட்டுல ஒரு வாய் காப்பி குடிக்கல நீங்க. கஸ்தூரி! எதிர் வூட்டு சாரு வந்திருக்காரு, காப்பி போடு! …பால்காரர் நம்பர்தானே? தரேன், தரேன். அவுரு எங்க போயிடப் போறாரு.

கத்திப் பேசறேன்னு தப்பா நெனைக்காதீங்க. முப்பது வருஷமா நிலக்கரி மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் பக்கத்துல நின்ன தொண்டை. ரகசியம் சொன்னாக்கூட மூணு பிளாக் தள்ளிக் கேக்கும்.

என்ன மன்றமா? கட்டடம் இல்ல சார், இன்டர்நெட்டுல. வேளாண் சொல்லாய்வு மன்றம். நான் தபால்ல எம்.ஏ. தமிழ் படிச்சவன், ஷிப்டு முடிஞ்சி வந்தா இதான் நமக்கு. முன்னூத்திப் பதினாலு உறுப்பினருங்க. பேராசிரியருங்க, ஆராய்ச்சி பண்ற பசங்க, மலேசியாவுலேருந்து ரெண்டு பேரு. கலப்பைக்கு ஊருக்கு ஊரு என்ன பேரு, நாத்துமுடிக்கு என்ன பேரு, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சி… இதான் பேச்சு. இதுல என்னா சண்டை வரப்போவுதுன்னு பாக்கறீங்க, இல்ல? ஐயய்ய! மண்வெட்டிக்கும் மம்பட்டிக்கும் நடந்த சண்டையில ஒருத்தரு இன்னொருத்தரோட அம்மாவ இழுத்துட்டாரு. ரெண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க சார்!

பாதிப் பேரு 'கருத்துச் சுதந்திரம், எதையும் தடுக்காதே'ங்கறான். பாதிப் பேரு 'நாகரிகம் வேணாமா'ங்கறான். ரெண்டு கட்சியும் போன் பண்ணி என்னத்தான் திட்டுது. கன்வேயர் பெல்ட் அறுந்தாக்கூட நான் அவ்ளோ பேச்சு வாங்கினதில்ல.

அப்பதான் பாருங்க, அந்த சைட்டுல ஒரு வசதி இருக்கறத என் பொண்ணு காட்டிக் குடுத்துச்சி. ஆகாத வார்த்தைங்கள பட்டியல் போட்டு வச்சிட்டா, அந்த வார்த்தை இருக்கிற பதிவு தானா நின்னுடும். மூணு தடவ மாட்டினா ஆளே வெளிய, முப்பது நாளு. 'இந்த விதி நிர்வாகிக்கும் உண்டா'ன்னு சைட்டு கேட்டுது. நான் பெருமையா 'உண்டு'ன்னு தட்டினேன். ஒரு ஞாயித்துக்கெழம காலையில உக்காந்து, யாரையும் கேக்கல, எந்தப் புஸ்தகத்தையும் பொரட்டல, ஒரே மூச்சுல நாப்பத்தி மூணு வார்த்தை எழுதிப் போட்டேன்.

அவ்ளோதான், மன்றம் படுத்துடுச்சி! ஏன்னா பட்டியல்ல எருமை இருந்துச்சி சார். வேளாண் மன்றத்துல எருமையத் தடுத்துட்டா என்னாத்தப் பேசறது? ஒருத்தரு எருமை கட்டிச் சேத்துழவு பண்றது பத்தி இருவது பக்கம் எழுதினாரு, நின்னுடுச்சி. நாயுருவிச் செடி பத்தி ஒருத்தரு, அதுவும் நின்னுடுச்சி. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? எல்லாரும் 'அந்தக் கறுப்பு மாடு', 'அந்தக் கறுப்பு மாடு'ன்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. சிரிக்காதீங்க… சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது. எருமைய எடுத்துட்டேன், நாயையும் எடுத்துட்டேன். மத்தது அப்புடியே இருந்துச்சி.

சக்கரை போதுங்களா? எங்க வூட்டம்மா கஸ்தூரி கை கொஞ்சம் தாராளம்.

அப்பதான் இசைப்பிரியா வந்துச்சி. கம்மாபுரம் பக்கத்துப் பொண்ணு. அவுங்க வூட்டுல மூணு தலமொறையா கூலி வேலை, சொந்தமா ஒரு குழி நெலம் கெடையாது. இது ஆராய்ச்சி வரைக்கும் படிச்சி வந்துடுச்சி. மன்றத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பிச்சி. நெலத்துக்காரங்க வயல்ல வேலை செய்யறவங்கள என்னென்ன சொல்லிக் கூப்புட்டாங்க, அதுதான் விஷயம். முப்பத்தியொரு வார்த்தை. ரெண்டு வருஷம் ஊரு ஊரா நடந்து சேத்தது. அத்தனையும் நம்ம பட்டியல்ல மாட்டிகிச்சி.

நான் என்ன பண்ணேன்? படிச்சேனா? படிக்கலயே! 'அன்புச் சகோதரி, மன்றத்தின் நாகரிகம் காக்க வேண்டுகிறேன்'னு ஒரு கடிதாசு. அது மறுபடி மேற்கோள் குறி போட்டு அனுப்பிச்சி. நின்னுது. மறுபடி அனுப்பிச்சி. மூணு தடவ ஆயிடுச்சா, அந்தப் பொண்ணு வெளிய. சாயங்காலம் போன் வருது. 'ஐயா, நான் யாரையும் திட்டல. எங்களத் திட்டினத எழுதறேன்'னுச்சி.

உடனே தடையத் தூக்கிட்டேன். சும்மா தூக்கினா போதுமா, சமாதானம் பண்ணணுமேன்னு, 'நீதாம்மா ரெண்டாவது நிர்வாகி'ன்னும் சொல்லிட்டேன். பேருக்குத்தான். நின்னுபோன கட்டுரைய வுடற அதிகாரமும் அந்தப் பொண்ணு கையிலதான் இப்ப, ஆனா அது வுடல. 'என்னுத நானே அனுமதிச்சா நல்லா இருக்காது. நீங்க படிச்சிட்டு விடுங்க ஐயா'ன்னுடுச்சி. நான் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதிட்டு, பரிசீலிக்காம வுட்டுட்டேன்.

அதுக்குள்ள சுப்பிரமணியன்னு ஒரு பேராசிரியரு, மன்றத்துல பெரிய தலை, ஒரு பதிவு போட்டாரு. கேளுங்க, எனக்கு மனப்பாடம். 'சிலருக்கு ஆய்வு என்பது சலுகையில் கிடைத்த பொழுதுபோக்கு. அன்னார் தம் இல்லத்து வசவுகளை இங்கே கொட்டாதிருத்தல் நலம்.' பாத்தீங்களா? ஒரு கெட்ட வார்த்தை உண்டா இதுல? எவ்ளோ சுத்தமான தமிழு! நம்ம பட்டியலத் தாண்டிகினு சல்லுனு உள்ள போயிடுச்சி. நாப்பது பேரு 'அருமை'ன்னு வேற போட்டான்.

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்! செகண்ட் ஷிப்டுக்குப் பஸ் வந்து நிக்குது, நான் யூனிபாரத்தோட கீபோர்டுல உக்காந்து தட்றேன். மடையன்னு ஆரம்பிச்சேன். நின்னுடுச்சி. ஏன் நிக்குதுன்னு புரியல, கோவத்துல எதுவும் புரியல. இன்னொண்ணு அடிச்சேன், இன்னும் காரமா. நின்னுடுச்சி. மூணாவது ஒண்ணு அடிச்சேன்… அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன், கஸ்தூரி இருக்கா. அவ்ளோதான், செவப்பு எழுத்து. என் பட்டியல், என் விதி, என் கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளிடுச்சி.

கதவத் தொறக்கற சாவி யாருகிட்ட? அந்தப் பொண்ணுகிட்ட! பேருக்குக் குடுத்த பதவி! வெக்கத்த வுட்டுப் போன் பண்ணேன். சிரிச்சிது சார். 'உங்க மூணு பதிவும் பாத்தேன் ஐயா. ரெண்டாவதுல ஒரு ஒற்றுப் பிழை'ன்னுச்சி! உடனே தொறந்து வுட்டுச்சி. என் பதிவு மூணையும் மட்டும் வுடல. 'இது வேணாம் ஐயா, அவருக்கு நான் எழுதிக்கறேன்'னுச்சி. எழுதிச்சி. ஒரே வரி. 'ஐயா, இல்லத்து வசவுகள்தான். எந்த இல்லத்து வசவுகள் என்பதே என் ஆய்வு.'

மலேசியாக்காரங்கள்ல ஒருத்தரு மட்டும் ஒரு கைத்தட்டல் போட்டாரு. நான் அன்னிக்கு ஷிப்டுல தனியாச் சிரிச்சிகினே நின்னேன், பக்கத்துல இருந்த காண்ட்ராக்ட் ஆளு பயந்துட்டான்.

எழுந்துக்காதீங்க, இருங்க, இனிமேதான் விஷயம்.

நேத்து எனக்கு வீக்லி ஆப், லீவு. காலையிலயே அந்தக் கட்டுரைய எடுத்து முழுசாப் படிச்சேன். வார்த்தைக்கு வார்த்தை கட்டம் போட்டு வச்சிருக்குது. யாரு சொன்னது, யாரப் பாத்து சொன்னது, எப்ப சொன்னது. படிச்சி முடிச்சி மன்றத்துல போட்டுட்டேன். போட்டு முடிக்கறேன், போன். 'நன்றி ஐயா. உங்களக் கதவு தொறந்து வுடும்போது அந்தத் தடைப் பட்டியல முழுசாப் பாத்தேன். எனக்கு ரெண்டு வருஷத்துல முப்பத்தியொண்ணுதான் கெடைச்சிது. எருமையும் நாயும் போவ உங்ககிட்ட நாப்பத்தியொண்ணு இருக்குது. அந்த மிச்சம் பத்து எங்க கெடைச்சிது ஐயா? உங்களப் பேட்டி எடுக்கலாமா?'

குறும்பா கேக்கல சார். நெசமாவே ஆசையாக் கேட்டுது. பொக்கிஷம் கெடைச்ச மாதிரி.

எங்க கெடைச்சிதுன்னு சொல்றது? எங்களுக்கு ஆறு காணி இருந்துச்சி. அப்புறம் அந்த நெலத்த மைன்ஸுக்கு எடுத்துகினாங்க, அதுக்குப் பதிலாதான் எனக்கு பர்மனென்ட் வேலை. அந்த ஆறு காணி வரப்பு மேல நின்னுகினு எங்கப்பா வேலையாளுங்களக் கூப்புடுவாரு. பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதே இல்ல. நான் என்னமோ மன்றத்தச் சுத்தம் பண்றதா நெனச்சிகினு, எங்க வூட்ட எழுதி வச்சிருக்கேன், அதுவும் ஒரே மூச்சுல!

பேட்டிக்கு இன்னிக்கு நாலு மணிக்கு வரேன்னு சொல்லிச்சி. இப்ப மணி… அடடா. அதான் உங்கள உக்கார வச்சேன் சார், உண்மையச் சொல்லிடறேன். தனியா இருக்கப் பயமா இருந்துச்சி. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நல்லா இருக்குமேன்னு…

பெல் அடிக்குது. போறீங்களா? ஆமாமா, உங்களுக்கும் வேலை இருக்கும். பால்காரர் நம்பர கஸ்தூரி எழுதித் தருவா. இல்ல இல்ல, நீங்க போறதுதான் சரி. இத நானே சொல்றதுதான் மொறை.

வாம்மா, வா. உள்ள வா. செருப்பு இருக்கட்டும், அப்புடியே வா. அந்த நாற்காலியில உக்காரு, பேன் காத்து வரும். கஸ்தூரி, காப்பி! …ரெக்கார்டர் போட்டுட்டியா? செவப்பு வெளிச்சம் எரியுதே, ஓடுதுதானே?

மொத வார்த்தை… எழுதிக்க. யாரப் பாத்துன்னா, எங்க வயல்ல ஏர் ஓட்டுன அய்யனாரப் பாத்து. எங்கப்பாவவிட வயசுல பெரியவரு. வரப்புல நின்ன எல்லாரும் சிரிச்சாங்க, அவுரும் சிரிச்சிகினேதான் மாட்ட ஓட்டிகினு போனாரு.

சொன்னது யாருன்னா… குழந்தைவேல். நான்தாம்மா. அப்ப வயசு பத்து.