மூக்குப்பொடிப் பள்ளம்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் மேடம், எனக்கு சைனஸ். உங்கள் ஸ்டேஷன் டீ மோசமில்லை. ராயபுரத்தில் என் கிளினிக்குக்கு வருகிற டீயைவிடக் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

பூவம்மா கொடுத்த புகாரைப் படித்தேன். 'சவரிநாதன் என்கிற போலி டாக்டர்' என்று எழுதியிருக்கிறார். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட். போலியாக இருந்தால், அவர் மகள் எழில்மொழியின் கையில் என்ன கோளாறு என்று முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்காது.

எழில்மொழி வியாசர்பாடிப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். பந்தைத் தடுக்கப் பாய்ந்து, உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். கட்டைவிரலை விறைப்பாகத் தூக்கினால் அதன் அடியில் ஒரு பள்ளம் விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சுகிற இடம். அங்கே அழுத்தினேன்.

"சார், அங்க மட்டும் கைய வெக்காத, உயிரு போவுது" என்றாள்.

அங்கே வலித்தால் மணிக்கட்டில் படகு எலும்பு என்கிற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் பல சமயம் தெரியாது. கையை அசையாமல் கட்டிவைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவள் கொண்டுவந்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. "சுளுக்குதான், தினமும் வா" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். விளையாட்டுக்காரர்களைப் போல நன்றி கெட்டவர்களை நான் பார்த்ததில்லை. வலி இருக்கும்வரை நான் தெய்வம். சரியானதும் தெருவில் பார்த்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்கள். டில்லிபாபு என்று ஒரு பாக்ஸர். அவன் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துக் குணப்படுத்தினேன். கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. பிரியாணி நன்றாக இருந்ததாகக் கேள்வி.

எழில்மொழி அப்படியில்லை. மெழுகு ஒத்தடம் கொடுக்கும்போது வாய் ஓயாமல் பேசுவாள். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். வேலை கிடைத்ததும் அம்மாவைத் துறைமுக கேன்டீனில் பாத்திரம் கழுவ விடமாட்டாளாம். வெளியூரில் குவார்ட்டர்ஸ் தருவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வராத சாயங்காலங்களை நினைத்தாலே பயமாக இருந்தது.

நடுவில் பூவம்மா வந்தார். "இன்னா சார், வலி கொறையவே மாட்டுது. புத்தூர் கட்டு போட்டுக்கினு வந்துரட்டா?"

"முட்டைய கையில பூசாதம்மா. ஆம்லெட் போட்டு புள்ளைக்குக் குடு" என்றேன். பிறகு மூடநம்பிக்கையைப் பற்றி நீளமாக ஒரு பிரசங்கம் செய்தேன். ரொம்ப நல்ல பிரசங்கம். எனக்கு நிஜமாகவே பயம். அந்தக் கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையைத் தடவி, மூங்கில் பத்தையை வைத்து, கையை அசையவிடாமல் கட்டியிருப்பார். எலும்பு கூடினாலும் கூடியிருக்கும்.

அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. உடைந்தபின் அசைந்துகொண்டே இருந்தால் மறுபாதி செத்துப்போகும். நான் தினமும் பயிற்சி என்று சொல்லி அசைத்தேன். வலி குறைந்திருப்பதாக அவள் சொன்ன நாட்களில் கொஞ்சம் கூடுதலாகத் திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, "தேங்ஸ் சார்" என்பாள். எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்கள்.

ரயில்வே தேர்வுக்கு முன்னால் நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பாதி எலும்பு செத்திருந்தது. இனி பந்தைப் பிடிக்க முடியாது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே வலிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். வேலையும் போயிற்று. ஆமாம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளே வரும்போது அவளைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் பூவம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பாவம், வலி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் உள்ளே அனுப்புங்கள் மேடம், நான் தொட்டால்தான் அவளுக்கு வலி குறையும்.