புட்டுக் கொடுத்த குற்றம்

ஷெல் வருகிறது. முதலில் கூவல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மண் கொட்டுகிறது. "பங்கருக்குள்ள இறங்குங்கோ!" கணவர் கத்துகிறார். மகளை இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்குகிறேன். அவளுக்குப் பதினொரு வயது.

எங்களுக்குப் பின்னால், ராணுவத்தோடு சண்டையிடும் இயக்கப் பிள்ளைகள் இருவர் குதித்தார்கள். கையில் தோட்டா போட்ட துவக்கு. உதடெல்லாம் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தவரைப் பட்டினி போட்டுவிட்டு வன்னியில் நாங்கள் சாப்பிடுவதில்லை. பங்கரும் வீடுதான். அவித்த புட்டு மேலே அடுப்படியில் இருந்தது. எடுக்கக் கணவர் ஏறினார். பானையைக் கீழே நீட்டினார். வாங்கினேன். மறுபடி கூவல். "குனியுங்கோ!" அவருக்குக் கேட்கவில்லை.

விடிந்ததும் அவரைப் புதைத்தோம். குழி வெட்டியது அந்தப் பிள்ளைகள்தான். புட்டை அவர்களுக்குக் கொடுத்தேன்.

மகளோடு கடல் தாண்டி வந்தேன். இப்போது பெருந்துறைக்குப் பக்கத்தில் அகதி முகாம். நூல் மில்லில் வேலை. மகள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். போன வருடம் அவளுக்குப் புற்றுநோய். "அம்மா, வந்து பக்கத்தில இருங்கோ" என்றாள் ஃபோனில். விசாவுக்குப் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இயக்கத்துக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வந்தவரைப் பசியோடு அனுப்புகிறவள் என்று நினைத்துவிட்டாரோ? எனக்கு ரோசம் வந்துவிட்டது. "வந்த பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்காமல் விடுவமோ?" என்றேன். பெருமையாகவே சொன்னேன், மடைச்சி.

மறுத்துவிட்டார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் இயக்கம் பயங்கரவாத அமைப்பு. அதன் ஆளுக்குச் சோறு போட்டாலும் அது உதவிதான். இயக்கமே அழிந்துவிட்டது. தடை அழியவில்லை. சட்டத்துக்கென்ன, அதற்குப் பசிக்கவா போகிறது?

மில்லில் என் பக்கத்து மெஷின் சரசு கேட்டாள்.

"ஏனுங்கக்கா, சோறு போட்டதுக்குங்களா வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க? இல்லைன்னு சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே!"



அந்தத் தடையிலிருந்து எனக்கு விலக்கு கேட்டு மருமகன் எழுதினார். பதில் வருமுன் மகள் போய்விட்டாள். தகனத்தை ஃபோனில் பார்த்தேன்.  ஃபோனைச் சரசுதான் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி உள்ளே போகிறது. சத்தமே இல்லை. ஷெல்லுக்காவது சத்தம் இருந்தது.

போனவற்றைச் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள். வன்னியில் ஒரு வீடு. எட்டுத் தென்னை. கணவர், அந்த மண்ணுக்குள். மகள், இருபத்தேழு வயது. பெற்றவள் நான் உயிரோடு இருக்கிறேன். அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியது யாரென்றுகூட எனக்குத் தெரியாது.