மாடியண்ணன் படியிறங்கும் நாள்

வெயிலை விழுங்கி எங்களுக்குக் குளிரை வழங்கிய வித்தகரே! கூரைமேல் குடியிருந்து கூடங்களைக் குளிர்வித்த கோமகனே! முப்பத்துநான்கு ஆண்டுகளாய் ஏணியே தேராக, ஸ்பானரே செங்கோலாக, இந்நகரின் மொட்டைமாடிகள் அத்தனையையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட மன்னவரே! (அந்தக் குடையில் மூன்று கம்பிகள் முறிந்திருப்பதை நாடறியும்.) இரும்புப் பெட்டியின் இருமலைக் கேட்டே அதன் நோய் சொல்லும் மருத்துவரே! எங்கள் மாடியண்ணனே! வணக்கம், வணக்கம், பலகோடி வணக்கம்!

இதற்குமேல் உங்கள் முகத்தைப் பார்த்துப் புகழ எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உங்களைப் பாராட்டி இரண்டு வரி வாசிப்பதற்குள், "எங்கேயோ ஃபேன் பெல்ட் கத்துது" என்று எழுந்து போனவர் நீங்கள். திரும்பி வந்தபோது நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆகவே நீங்கள் ஓய்வுபெறும் இன்று சபையோரைப் பார்த்தே பேசப்போகிறோம். யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் கதை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். வாசலில் இரண்டு பேரை நிறுத்தியும் இருக்கிறோம்.

சபையோரே! ஏசி என்றால் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. பெரிய கட்டடங்களுக்குக் குளிர் தலைக்குமேலேயிருந்து வருகிறது. மொட்டைமாடியில் சிறிய லாரி அளவு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்று, கீழே இருப்பவர்களுக்காக வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து வெந்தவர் மாடியண்ணன். தகரத்தைத் தொட்டால் தோல் உரியும் மதியத்தில் ஃபில்டரைக் கழற்றுவார், காயிலைக் கழுவுவார், கம்ப்ரஸர்மேல் காதை வைத்துக் கேட்பார். கீழே ஒருவர் "ரொம்பக் குளிருதுப்பா" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அதுதான் தனக்குக் கிடைத்த பரிசு என்பார் இவர்.

இவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் நேரே வீட்டுக்குக் கிளம்பமாட்டார். குளிரவில்லை என்று குறை சொன்னவர் யாரோ, அவருடைய நாற்காலியில் போய்க் கால்மணி நேரம் உட்காருவார். "மீட்டர் ஆயிரம் சொல்லும், முதுகு சொல்றதுதான் கணக்கு" என்பது இவர் கட்சி. ஒரு அலுவலகத்தில் வரவேற்பு மேசை அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தன் நாற்காலியில் இவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பியதும், "வேலை சுத்தமா முடிஞ்சதும்மா, நானே சாட்சி" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் இவர் வீட்டு ஏசி மூன்று வருஷமாக லொடலொடவென்று அடித்துக்கொள்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியிடம் கேட்டுப்பாருங்கள், விடிய விடியச் சொல்வார்.

இனி நாம் பெருமைப்படும் விஷயத்துக்கு வருவோம். அதற்கு ஒரு சின்னக் குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த காயிலில் வியர்க்கும் தண்ணீர் கீழே ஒரு தட்டில் சொட்டி, வடிகுழாய் வழியே வெளியே போகும். அந்தக் குழாயில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளேயிருக்கும் ஃபேன் அந்த வழியாகக் காற்றை உறிஞ்ச, வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் தட்டிலேயே தேங்கி, இரண்டு மூன்று நாளில் நிரம்பி வழிந்து கூரைக்குள் இறங்கிவிடும். ஆகையால் தட்டைக் கழுவிய கையோடு வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றவேண்டும். மறக்கக் கூடாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கம்பியால் கட்டிவைத்தவர் இவர். கழுவத் தொடங்கும்போது குவளையை நிமிர்த்தி வைக்கவேண்டும், ஊற்றி முடித்ததும் கவிழ்த்து வைக்கவேண்டும். கவிழ்ந்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் சேருபவர்கள் பெயரெழுதக் கற்கும் முன்பே இதைக் கற்றுக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தார். கரண்ட்டு என்று பெயர். வேலை தெரிந்தவர்தான், வாய்தான் வேலையைவிட நீளம். ஒரு பெட்டி நின்றுபோனால் மெக்கானிக் கரண்ட் கோளாறு என்பார், எலெக்ட்ரீஷியன் மெஷின் கோளாறு என்பார். இந்தத் தொழிலில் இது மாமியார் மருமகள் வழக்கு, தீர்ப்பே கிடையாது. மாடியண்ணனுக்கும் கரண்ட்டுக்கும் வழக்கு முற்றி, ஆறு வருஷம் நேருக்கு நேர் பேச்சில்லை. ஒரே மாடியில் நின்றுகொண்டு, "ஃப்யூஸ் போயிருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்று ஒருவர் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வார். "ஃப்யூஸ் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்கப்பா" என்று மற்றவரும் அதே தொட்டியிடம் பதில் சொல்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நாங்கள் பராமரித்துவந்த ஒரு கண் மருத்துவமனையில், அறுவை சிகிச்சை அறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நல்ல வேளை, உள்ளே நோயாளி யாரும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆபரேஷனுக்குக் காத்திருந்த இருபத்திரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். யார் செய்த தவறு என்று மாலைக்குள் சொல்லவேண்டும், அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பவேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டது மருத்துவமனை.

பதிவேட்டைப் புரட்டினோம். செவ்வாய்க்கிழமை மாடியண்ணன் கழுவிச் சுத்தம் செய்திருக்கிறார். வியாழக்கிழமை கரண்ட்டு போய் ஒரு சுவிட்சை மாற்றியிருக்கிறார். கடைசியாகத் தொட்டவன்தானே கள்ளன்! வடிகுழாயை மிதித்து நகர்த்தியிருப்பான் என்று ஆளாளுக்குச் சொன்னோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், சொன்னவர்களில் பாதிப்பேர் இன்று இந்தக் கூடத்தில்தான் இருக்கிறோம். கரண்ட்டு தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வாய்க்கொழுப்புக்காரன் சத்தியத்தை யார் நம்புவார்? பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் அவருக்கு. இப்படி ஒரு பழியோடு வெளியே போகிறவரை எவரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். மேலாளர் நீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில் இன்னொரு காகிதமும் மேலாளர் மேசையில் இருந்தது. அடுத்த மாதம் முதல் மாடியண்ணன் மேற்பார்வையாளர். கீழேயே ஓர் அறை, மேசை, நாற்காலி. இனி ஏணி ஏறினால் முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது.

மதியம் பன்னிரண்டரைக்கு இவர் தனியே அந்த மாடிக்கு ஏறினார். எதிரிமேலேயே பழி என்றாலும் கண்ணால் பார்க்காமல் ஏற்கமாட்டேன் என்று கிளம்பியவர். மேலே போய்ப் பார்த்தால் குழாய் நகரவில்லை. வளைவு காய்ந்து கிடந்தது. குவளை நிமிர்ந்தே இருந்தது, அடியில் மூன்று நாள் தூசி. செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. கழுவினார், குவளையை நிமிர்த்தினார், அதற்குள் கைப்பேசி அடித்தது, பேசிக்கொண்டே இறங்கிவிட்டார். தண்ணீர் ஊற்றவில்லை.

சபையோரே! மாடியில் வேறு ஒரு ஈ காக்கைகூட இல்லை. குவளையை ஒரு விரலால் கவிழ்த்துவிட்டு இறங்கினால் கதை முடிந்தது. கரண்ட்டு வெளியே, இவர் அறைக்குள்ளே. அந்த நிமிஷத்தைப் பற்றி இவரே பின்னால் எங்களிடம் சொன்னார். "பொய் சொல்லமாட்டேன்பா. கை போச்சு. குவளை வரைக்கும் போச்சு." அவ்வளவுதான் சொன்னார். கை போகாதவரைப் பாராட்ட நாங்கள் இங்கே கூடவில்லை. போன கை திரும்பி வந்ததே, அதற்குத்தான் இந்தப் பெருமை எல்லாம்.

கம்பியை அறுத்து, குவளையைக் கையோடு எடுத்துக்கொண்டு, நேரே மேலாளர் அறைக்கு வந்தார். அங்கே கரண்ட்டு நின்றுகொண்டிருந்தார். கடிதம் மேசைமேல் இருந்தது. குவளையை அதன்மேல் வைத்தார்.

"அந்த லெட்டர்ல பேரை மாத்துங்க. இவன் சுவிட்சைத்தான் தொட்டான். தண்ணி ஊத்தாம விட்டது நான்."

மேலாளர் திகைத்துப்போய், "அண்ணே, மேல வேற யாரும் பாக்கலைல்ல? அப்புறம் எதுக்கு?" என்றார்.

"இவன் இங்கேயே நிக்கிறான். இவனை வச்சுக்கிட்டே இதைக் கேக்குறீங்களே" என்றார் இவர்.

கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. தானே மருத்துவமனைக்குப் போய்த் தலைமை மருத்துவர் அம்மாவிடம் தவறைச் சொன்னார். "இனிமே மறக்கமாட்டீங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்று அந்த அம்மா கேட்டார். "மனுஷன் மறப்பான்மா, அதுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. இனிமே ஒருத்தர் ஊத்தினா, இன்னொருத்தர் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. அதுக்குத் தர்றேன்" என்றார். ஒப்பந்தம் தப்பியது. இவர் வேலையும் தப்பியது. மேற்பார்வையாளர் பதவி மட்டும் போயிற்று. தவறியவருக்குப் பதவி கொடுக்கக் கூடாது என்பதில் அந்த அம்மா கறாராக இருந்தார். அன்று முதல் இரண்டு கையெழுத்து இல்லாமல் நாங்கள் எந்த மாடியையும் விட்டு இறங்கியதில்லை. எங்கள் பராமரிப்பில் உள்ள எந்தக் கூரையிலும் இந்த ஒன்பது வருஷத்தில் ஈரக்கறை விழுந்ததுமில்லை. மார்தட்டிச் சொல்கிறோம்.

ஒன்று மட்டும் எங்களுக்குப் போன வாரம்வரை தெரியாது. அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது அண்ணி சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் வந்த அழைப்பு, மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதி. அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அண்ணி கேட்டதற்கு, "சொன்னா பாவம்னு விட்டுடுவாங்க. புள்ள பொறந்ததை இதுல எதுக்கு இழுக்கணும்?" என்றாராம். சபையோரே, இப்படிப்பட்டவரோடு ஒரே ஏணியில் ஏறினோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வோம்.

மாடியண்ணனே! இனி உங்களை நேரே பார்த்துப் பேசலாம், இந்த வாழ்த்துமடல் முடியப்போகிறது. அறையும் நாற்காலியும் கைநழுவிய பின்னும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஒன்பது கோடை ஏறினீர்கள். ஒரு நாள் முணுமுணுக்கவில்லை. நோய்நொடி அண்டாமல், நூறு வயது தாண்டி, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் மடியில் வைத்துக் கொஞ்சி, அண்ணியின் ஏசியையும் என்றேனும் ஒருநாள் சரிசெய்து, நீங்கள் நிறைவாய் நெடிது வாழ வேண்டும்! உங்கள் முழங்கால்கள் இனிச் சமதரையில் மட்டுமே நடக்க வேண்டும்!

இம்மடலை எழுதியது யார் என்று சபை கேட்கும். அந்த மேற்பார்வையாளர் அறையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் கரண்ட்டுதான். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அண்ணே, மேல போனது நானா இருந்து, கீழ நின்னது நீங்களா இருந்திருந்தா, நான் சத்தமில்லாம எறங்கி வந்திருப்பேன். எனக்கு அது நல்லாத் தெரியும். நாலு பேர் முன்னாடி அதைச் சொல்லணும்னுதான் எழுதினேன்.

என்றும் உங்கள் அன்பில்,
பராமரிப்புப் பிரிவு ஊழியர்கள் பத்தொன்பது பேரும்,
அவர்களோடு உங்கள் தம்பி கரண்ட்டும்.