உதைக்குத் தாங்கும் கதவு

உப்புக் காற்றுக்கு மரக்கதவுதான் நல்லது என்று கோவளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. கடலோரத்தில் இரும்பைத் துரு தின்றுவிடும். புது வீட்டுக்கு மரமா இரும்பா என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: நான் இரும்புதான் வைத்தேன். துரு ஏறாமலிருக்கத் தாழ்ப்பாளுக்குத் தவறாமல் எண்ணெய் போட்டேன். ஏன் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு மானாம்பதிப் பக்கம். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்த வருஷமே, மீன் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஏசுதாசை வீட்டாரை எதிர்த்துக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தேன். அப்போதிருந்த வீட்டுக்கு மாம்பலகைக் கதவு. அவன் குடித்துவிட்டு வருகிற நாட்களில் நான் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். அவன் உதைப்பான். கீல் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். மறுநாள் சுத்தியலோடு உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே அவனே சரிசெய்வான். ஒரே இடத்தில் எத்தனை தடவைதான் ஆணி அடிப்பது? நிலைச்சட்டத்தில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. ஒருநாள் கதவு மொத்தமாகப் பெயர்ந்து என்மேல் விழுந்தது. வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கவேயில்லை.

அப்பா வீட்டுக்குப் போனேன். நீயாகத் தேடிக்கொண்டதுதானே என்று பஸ் ஏற்றிவிட்டார். தெருப் பெண்கள், பொறுத்துப் போ, வேனை ஒழுங்காக ஓட்டுகிறான் அல்லவா என்றார்கள்.

பிறகு மாடி வைத்துக் கட்டினோம். வாசலுக்குத் திராட்சைக் கொடி செதுக்கிய தேக்குக் கதவு வேண்டும் என்றான். தெருவே அவன் பக்கம் பேசியது. நான் கேளம்பாக்கத்தில் எல்லப்பனுடைய வெல்டிங் பட்டறைக்குப் போய், தடித்த தகட்டில் கதவும், உள்பக்கம் கனமான தாழ்ப்பாளும் செய்யச் சொன்னேன். எல்லப்பன் சிரித்தார்.

"இன்னாம்மா, வூட்டுக்கா, பேங்க்குக்கா? இம்மாம் கனம் எதுக்கு?"

திருட்டு பயம் என்றேன்.

கதவு வந்த வாரமே உதைத்துப் பார்த்தான். கால்விரல் முறிந்தது. அவன் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதன் பிறகு உதைக்கவில்லை, கெஞ்சக் கற்றுக்கொண்டான். பாம்பு கடித்துவிட்டது என்பான். நெஞ்சு வலி என்பான். பதறிப்போய்த் திறப்பேன். உள்ளே வந்து அடிப்பான். கொஞ்ச காலத்தில் நானும் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, பூசை முடிந்த கையோடு குடிக்க ஆரம்பித்தான். குழம்பில் உப்பில்லை என்று என் கையைப் பிடித்துக் கொதிக்கிற சட்டிக்குள் அமுக்கினான். பிறகு சிகரெட் வாங்கப் போனான். நான் தாழ் போட்டேன். அவன் கடற்கரையில் வேனிலேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து கதவைத் தட்டினான்.

"தமிழு, தொற. கடலு உள்ள வந்துகினு கீது."

பாம்பு, நெஞ்சு வலி, இப்போது கடல் என்று நினைத்தேன். எவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. கறுப்பாக, சேறும் மீன் வாடையுமாக. கணுக்கால்வரை ஏறியது. அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அதைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது, என்னால் அசைக்க முடியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதிகாரிகளும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். தாழ் அசைந்தது. எண்ணெய் போட்ட தாழ், வெந்த கையாலேயே பாதிவரை இழுத்துவிட்டேன். அப்போது அவன் மறுபடி பேசினான். அந்தக் குரலில் குடி இல்லை.

"என்ன வுட்டுடு தமிழு. தாவீது பொண்ணு என் கையில கீது. இவள மட்டும் உள்ள இஸ்துக்கோ."

எதிர் வீட்டு மீன்காரத் தாவீதின் மகள் ஜெஸ்ஸி. இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அத்தே, நான்தான் என்றாள்.

தாழைத் திரும்பத் தள்ளிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

சவுக்குத் தோப்பில் இரண்டு பேரையும் எடுத்தார்கள். அவன் கை அவளைச் சுற்றி இருந்ததாம், பிரிக்க முடியவில்லையாம். அதனால் தெருமுனையில் அவன் படம் இருக்கிறது. டிசம்பர் வந்தால் மாலை போடுகிறார்கள். பிள்ளையைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட மனுஷன் என்று மைக்கில் பேசுகிறார்கள். தாவீது என் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணாத்த தெய்வம் என்று அழுகிறான். எனக்குப் பற்றி எரிகிறது. என் வயிற்றில் இருந்ததைக் கொன்றவனுக்கு மாலை. என் கையைக் குழம்பில் போட்டவனுக்கு மெழுகுவர்த்தி. அவன் என்ன செய்தான் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலும் வராது. ஒரே ஒரு காலையில் நல்லவனாக இருந்துவிட்டால் போதும் போலிருக்கிறது, ஆணுக்கு.

மரக்கதவாக இருந்திருந்தால் உதைத்துத் திறந்திருப்பான், இரண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று இப்போதும் சொல்கிறார்கள். உண்மைதான். உங்களுக்கு எது வசதியோ அதை வையுங்கள்.

பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். ஒரு பாவமும் இல்லை. அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. சத்துணவில் முட்டை போடுகிற நாளில் பெரிதாகப் பார்த்து அவள் தட்டில் வைப்பேன். ஆனால் அவளுக்குத் திறந்திருந்தால், அவனும் உள்ளே வந்திருப்பான்.