ராஜவீதியில் பெட்டி போக வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, நகரமன்ற உறுப்பினர்களே, புனித பிளாஸ் சப்பரச் சபையின் தலைவர் தோன் காசிமிரோ அவர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் சாந்தா பிலோமேனா நகரத்து மக்களே!

என் குரல் நடுங்குகிறது. துக்கத்தால் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பெட்டிக்குள் படுத்திருப்பவர் யார்? நம் மன்ற உறுப்பினர் தோன்யா எர்மெலிந்தா! ராஜவீதியில் தரை இறங்குவதைக் கண்டு, நடுத்தெருவில் ஓடி நின்று, வந்த பேருந்தைக் கைநீட்டி மறித்தவர். பேருந்து நின்றது. அவர் நின்ற இடம் நிற்கவில்லை. அந்தப் பேருந்தில் வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

அவர் என்ன கேட்டார்? தனக்கென்று ஏதாவது கேட்டாரா? பழைய குழாயைத் தோண்டி எடுங்கள், பிறகு சாலை போடுங்கள் என்றார். நாமோ ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும் தார் போட்டோம். கீழே குழாய் கசிந்தது, மண் கரைந்தது, மேலே மறுபடி தார். சப்பரம் ஆடாமல் போனால் போதும் நமக்கு!

ஒருமுறை மன்றத்தில் மேயர் முன்னால் ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரை வைத்தார். "குடிங்க மேயரே, காப்பி மாதிரியேதான் இருக்கு. சக்கரதான் போடல" என்றார். மேயரும் சிரித்துவிட்டார். தண்ணீரைத்தான் குடிக்கவில்லை.

விடிந்ததும் கடப்பாரையோடு தெருவில் இறங்குவார். அவர் இல்லாதபோது அவர் இடத்தில் உட்கார வேண்டிய மாற்று உறுப்பினன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். தரையைத் தட்டிக் காதைச் சாய்ப்பார். போன வாரம் இந்த மண்டபத்து வாசலில் தட்டியவர் முகம் மாறிவிட்டது. "பௌலினோ, புண்ண ஆத்தாம புதுச் செருப்பப் போட்டா நடக்க முடியுமாடா? இங்கயும் அடியில ஒண்ணுமில்ல" என்றார். தட்டியபோது கேட்ட அந்த வெற்றுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இங்கே நிற்கும்போதும் என் கால் கூசுகிறது.

நாளை மன்றம் கூடுகிறது. குழியில் மண்ணடித்துத் தார் பூசி, ஞாயிறன்று சப்பரத்தை விடுவதா? சப்பரத்தை வேறு வழியில் விட்டு, தெருவையே திறந்து குழாய் மாற்றுவதா? அந்தப் பக்கம் மூன்று கை, இந்தப் பக்கம் மூன்று கை. ஏழாவது கை அவருடையது. இனி அது என்னுடையது.

நேற்று சபைக்காரர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். புனிதரின் பாதையை மாற்றினால் என் பிள்ளைகள் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று தன்மையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். பயந்தேன். இப்போதும் பயம்தான். ஆனால் சப்பரம் சுமக்கும் எண்பது பேரில் என் தம்பியும் ஒருவன். எனக்கு அவனைப் பற்றிய பயம்தான் பெரிது.

தோன் காசிமிரோ, உங்கள் மகனும் சுமக்கிறான், இல்லையா?

நம் வழக்கப்படி பெட்டி முன்வாசலைத் தாண்டி ராஜவீதியில்தான் போக வேண்டும். பிணம் தெரு மாறினால் அடுத்த சாவு வரும் என்பார்கள். தெரு மாறாததால்தானே இந்தச் சாவே வந்தது! இவர் இன்று தெரு மாறிப் போகட்டும். ஞாயிறன்று புனிதர் இவர் பின்னாலேயே வரட்டும்.

எர்மெலிந்தா அக்கா, நாளை குழாய்க்காக என் கை உயரும். நடுங்கிக்கொண்டேதான் உயரும். இறக்க மாட்டேன். இன்று உங்கள் கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நடப்பேன்.

பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். தோன் காசிமிரோ, முதல் தோள் நீங்கள் கொடுங்கள். வாசலில் பெட்டியை மூன்று முறை தூக்கித் தாழ்த்தும் வழக்கம் இன்று வேண்டாம். எல்லாரும் ஒரேயடியாக எழுந்துவிடாதீர்கள். மெதுவாக, வரிசை வரிசையாக எழுந்திருங்கள்.