பொட்டு கலையாத மெகர்

ஆயுத பூஜைக்கு வைக்கிற பொட்டை நான் துடைப்பதில்லை, மேடம். சந்தனமும் குங்குமமும் அதுவாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிடுவேன். ஓசூரில் லேத் பட்டறைக்காரர்கள்கூட மறுநாளே ஈரத்துணியால் துடைத்துவிட்டு மிஷினை ஓட்டுவார்கள். எனக்கு மனசு வராது. சோறு போடுகிற சாமான் அல்லவா.

இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில் என் மெகர் பெட்டியை மேசையில் வைத்து, "இந்தப் பொட்டு எப்ப வச்சது?" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். பாதியில் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

ஃபயர் அலாரம், கேமரா மாட்டுவது என் வேலை. மாட்டுவதைவிட, மாட்டியதைச் சோதிப்பதில்தான் எனக்குப் பேர். பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். மல்டிமீட்டர், ஒயர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போகிறதா என்று பீப் அடித்துச் சொல்லும். புகை ஸ்ப்ரேயைக் கம்பில் மாட்டிக் கூரையில் இருக்கிற டிடெக்டரில் அடித்தால், அது நிஜமாகவே புகையை மோப்பம் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மெகர், ஐந்நூறு வோல்ட்டை உள்ளே விட்டு, ஒயரின் தோல் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர். பேனல் என்பது எல்லா ஒயரும் வந்து சேர்கிற பெட்டி; அதிலிருந்து ஒயரைக் கழற்றாமல் மெகரைப் போட்டால் பேனலே செத்துவிடும், அதனால் பல பேர் அதைத் தொடவே மாட்டார்கள். எந்த நேரத்தில் எதைக் கையில் எடுப்பது என்பதுதான் இந்தத் தொழில். மல்டிமீட்டர் நல்ல பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். மெகரிடம் அந்த நாகரிகம் கிடையாது.

பாகலூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பேக்கிங் கம்பெனிக் கட்டடத்தை நாலு பகுதியாகப் பிரித்து நாலு சோன் போட்டோம். நாலாவது சோன், மேல்மாடிப் பேக்கிங் ஹால். பதினாலு பெண்கள் அட்டைப்பெட்டி மடித்து, வண்டி பாகங்களைத் தெர்மாக்கோலில் சுற்றி வைப்பார்கள். அந்த மாடிக்கு ஒயர் இழுத்தவன் நான்தான். சீலிங் மூடியபிறகுதான் சனியன் பிடித்தது. காரணமே இல்லாமல் பெல் அடிக்கும். பெண்கள் எல்லாம் கீழே ஓடி வருவார்கள், லைன் நிற்கும். ஒரே வாரத்தில் மூன்று தடவை. அவர்களே அதற்குச் 'சும்மா பெல்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மெகரை எடுத்தேன். நாலாவது சோன் ஒயர், சீலிங்குக்குள் இரண்டு இரும்பு ஆங்கிளுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கிறது என்று அது சொன்னது. என் கைவேலை. சரிசெய்ய வேண்டுமென்றால் பாதி சீலிங்கைப் பிரிக்க வேண்டும், மாடி இரண்டு நாள் நிற்க வேண்டும். மானேஜர் ஏற்கெனவே என் முதலாளிக்குப் போன் போட்டு, "இன்னொரு வாட்டி சும்மா அடிச்சா இந்த ஆளை மாத்துங்க" என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முன் எனக்கு இரண்டு வேலை போயிருந்தது. வீரலட்சுமி, என் மனைவி, கத்துகிறவள் இல்லை. தோசையைத் திருப்பிப்போட்டபடியே சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா நான் ஸ்வாதியக் கூட்டிக்கிட்டு ஊத்தங்கரைக்கே போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க." அவள் சொன்னால் செய்வாள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. குழந்தையின் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். அந்தப் பயத்தை நீங்கள் பட்டிருந்தால் மீதியைச் சொல்லவே தேவையில்லை.

ஒவ்வொரு சோனிலும் கடைசி டிடெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் மாட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் அதை 'வால்' என்பார்கள். கோடியில் வால் இருந்தால்தான், ஒயர் முழுசாக இருக்கிறது என்று பேனல் நம்பிப் பச்சை விளக்குக் காட்டும். நான் மாடிக்குப் போகிற ஒயரைப் பேனலிலிருந்து கழற்றி ஓரமாக மடித்து வைத்தேன். புதிதாக ஒரு வாலைப் பேனலிலேயே மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது. சும்மா பெல் நின்றது. மானேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு போய் அவர் ரூமுக்கு வெளியே இருக்கிற டிடெக்டரில் மட்டும் அடித்துக் காட்டினேன். அது முதல் சோன். பெல் நன்றாகவே அடித்தது.

இதைத் தற்காலிகமாகத்தான் செய்தேன். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் லீவு வரும், கம்பெனி மூடியிருக்கும், அப்போது சீலிங்கைப் பிரித்துவிடலாம் என்று கணக்கு.

மாதேஸ்வரியைப் பற்றிக் கேட்டீர்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம். மாடியில் அவள்தான் வாயாடி. ஒருநாள் பேனல் பக்கம் வந்து, "அண்ணா, மூணு வாட்டி சும்மா ஓடுனோம். இப்ப நெஜமா அடிக்குமா?" என்றாள். பேனலில் டெஸ்ட் பட்டன் உண்டு. எந்த ஒயர் அறுந்திருந்தாலும் அது பெல்லை அடித்துவிடும். அமுக்கினேன். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இனிமே பெல் அடிச்சா மட்டும் ஓடுங்க. அடிக்கலைன்னா லைனை விட்டு எறங்காதீங்க, மானேஜர் திட்டுவாரு" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. சாமான்களை எல்லாம் கழுவி, பலகையில் அடுக்கி, பொட்டு வைத்தேன். மெகர் பெட்டியின் கொக்கி மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள் ஸ்வாதி. பூஜையில் வைத்த சாமானைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தொடவில்லை. வீரலட்சுமி அம்மா வீட்டுக்குப் போகலாமா என்றாள். என்னையும் சேர்த்துக் கூப்பிட்டதே எனக்குப் பெரிசாக இருந்தது. மூன்று நாளும் ஊத்தங்கரையில் இருந்தோம். அந்த வருஷத்தில் நான் வயிறாரச் சாப்பிட்டது அந்த மூன்று நாள்தான்.

திரும்பி வந்தபின் மாதாந்திர சர்வீஸ். 'நாலாவது சோன் மெகரில் சோதிக்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட பத்தொன்பதாவது நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் தெர்மாக்கோல் பிடித்துக்கொண்டது. தப்பித்து வந்த பொற்கொடி சொன்னதை நீங்களும் எழுதி வைத்திருக்கிறீர்கள். கருகல் வாடை வந்ததும் இவள் எழுந்தாளாம். மாதேஸ்வரி கையைப் பிடித்து உட்கார வைத்து, "பெல் அடிக்கலயேக்கா, கீழ ஏதாச்சும் வெல்டிங்கா இருக்கும்" என்றாளாம். மாதேஸ்வரியும் கூட வேலை செய்த சுமலதாவும் படி வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள்.

தீயணைப்பு வண்டி நிற்கும்போதே நான் பேனல் அறைக்குள் போனேன். வாலைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மடித்து வைத்திருந்த ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு விசாரணைக்கு வந்தவர்கள், "நீங்கதான் எக்ஸ்பர்ட், சோதிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். மல்டிமீட்டரை எடுத்தேன். பீப் அடித்தது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், பெல் அடித்தது. பேனலில் குறை இல்லை, யாரோ பெல்லை நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன். நிறுத்துகிற சாவி வாட்ச்மேன் ராமப்பனிடம் இருந்தது. அவர் பேரை நான் சொல்லவில்லை, மேடம். சாவி யாரிடம் என்று கேட்டார்கள், அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அவரைக் கைது செய்தார்கள். அவர் மனைவி கெம்பம்மா என் வீடு தேடி வந்தாள். பாதி கன்னடம், பாதி தமிழ். "சாமி, பெல்லே அடிக்கலேன்னு அவுரு சத்தியம் பண்றாரு. நீ மிஷின் வெச்சு சோதிக்கறவன். அவுரு சொல்றது நெஜமா பொய்யான்னு நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் நம்பறேன்."

வீரலட்சுமி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

கெம்பம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். கிருஷ்ணகிரி ஜெயிலில் புருஷனைப் பார்த்தபோது, "ரெண்டு பொண்ணுங்கள கொன்னுட்டியே" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் பார்க்கப் போகவே இல்லையாம். அடுத்த வாரம் ராமப்பன், "ஒருவேளை நானே அமுக்கிட்டேனோ என்னவோ" என்று சொல்லி, எழுதிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அந்தக் குதிரை நான்தான். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் தூக்கமும் வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பொட்டு ஆயுத பூஜைக்கு வைத்தது. கொக்கியைத் திறந்தால் அது உடையும். உடையவில்லை. அப்படியானால் அதற்குப் பிந்தைய தேதியில் நான் எழுதிக் கொடுத்த சோதனை நடக்கவே இல்லை. நீங்கள் கண்டுபிடித்தது சரி. ராமப்பன் எதையும் அமுக்கவில்லை. அந்த மாடிக்குப் பெல்லே கிடையாது, நான் கழற்றிவிட்டேன். அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்தது என் வார்த்தை.

இன்னும் ஒன்று உண்டு. அந்த மெகர் எடுத்த அளவை எல்லாம் தேதியோடு நினைவில் வைத்துக்கொள்ளும். நசுங்கிய ஒயரின் அளவும் அதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன். திறப்பதற்கு முன்னாலேயே, யாரும் அடிக்காமல் மிரட்டாமல், மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன் என்று முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். வீரலட்சுமி படிப்பாள்.