ஒரு சொட்டு இரும்பு

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, நாளெல்லாம் உப்பை நிறுத்துக் கரைசல் கலக்கிறவனுக்கு நாக்கும் தராசாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் என்னை 'உப்புக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முனைவர் பட்டம் வாங்கிய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கரியமில வாயுவை உப்புக் கரைசல் நிரப்பிய செல் என்கிற மூடிய கலத்துக்குள் விட்டு, வெள்ளித் தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அதை வைத்து எரிபொருள் செய்யலாம். எல்லோரும் தகட்டைப் பற்றியே பேசுவார்கள். பாதி வேலையைப் பார்ப்பது கரைசல். பொட்டாசியம் உப்புக்குப் பதில் சீசியம் உப்பு போட்டால் அதே தகடு இன்னும் நன்றாக உழைக்கும். ஒரு சொட்டு இரும்பு சேர்ந்துவிட்டால் அது தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் வரும். ஆனால் பரிசோதனை கெட்டுப்போனால் கரைசலை யாரும் சந்தேகிப்பதில்லை, பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பதால்.

அந்த செல்லை ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி வேலைக்கு அவள் சேர்ந்தபோது என் மனைவி பிரிந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். விடுமுறை நாளில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. மறுநாள் காலையில் என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்கும். முதல் நாளே அவள், "சாப்டீங்களாண்ணா?" என்றாள். பேச்சுக்குக் கேட்டதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார்.

அவள் கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். "செல் மட்டும் ஒரு மாசம் நிக்காம ஓடட்டும்ணா. அறிக்கையக் குடுத்துட்டு மூட்டை கட்டிருவேன். குட்டிக்கு இப்பவே பல்லு விழ ஆரம்பிச்சிருச்சு" என்று சிரித்தாள்.

செல் ஒழுங்காக ஓடியது. நான் இரும்பு கலந்தேன்.

அவள் தகட்டைத் தேய்த்தாள், மாற்றினாள், கம்பிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். கடைசியில் தன்னையே நொந்துகொண்டாள். "எனக்குக் கைராசியே இல்லண்ணா. நான் தொட்டது எது உருப்பட்டிருக்கு?" என்பாள். நான் தேநீர் போட்டுக் கொடுப்பேன். "மனச விட்டுறாதம்மா, இன்னொரு தடவ பாப்போம்" என்பேன். அந்த மாலைகளைப்போல நல்ல பொழுது என் வாழ்க்கையில் வேறு கிடையாது.

மகளோடு என் எதிரிலேயே போனில் பேசுவாள். "எப்பம்மா வருவே?" என்று நச்சரித்துக்கொண்டிருந்த குழந்தை போகப்போக, "அத்தை கூப்பிடறாங்க, வச்சிடறேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது. அவள் போனை வைத்துவிட்டு அதிலிருக்கும் மகளின் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மறுபடியும் கலந்தேன்.

ஒருவழியாக அவளுக்குக் கரைசல்மேல் சந்தேகம் வந்தது. என்மேல் வரவில்லை. "உப்புலயே கலப்படம்ணா. உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான் அந்தக் கடைக்காரன்" என்று எனக்காகக் கோபப்பட்டாள். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் வழியாகக் கரைசலைத் தானே வடிகட்டினாள். சீசியம் உப்புக்கு மாறினாள். மூலையறையில் பெரிய செல்லை வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மாதம் முழுக்க அது ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். "நீங்க இல்லன்னா நான் எப்பவோ ஓடிப்போயிருப்பேண்ணா" என்றாள். அது உண்மைதான்.

அவள் கிளம்பும் நாள். கடைசி அளவுகளைக் குறிக்க அறையைத் திறந்தவள், பேனாவை எடுக்க வெளியே தன் மேசைக்குப் போனாள். அந்த இடைவெளியில் வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாயைக் கழற்றிவிட்டேன். வாயு கசிந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணியைப் பழுது பார்க்கவென்று முன்னமே எடுத்திருந்தேன். கார்பன் மோனாக்சைடு விஷம், ஆனால் வாசனை கிடையாது. லேசாகத் தலை சுற்றும், டாக்டர் படுக்கச் சொல்வார், ரயில் போய்விடும் என்பதுதான் என் எண்ணம். அவள் கரைசல் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. வாயு நான் நினைத்ததைவிட நிறைய வந்தது.

அவள் திரும்பி வந்து உள்ளே போனதும் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கதவைத் தள்ளினாள். "தொறங்கண்ணா" என்றாள். கைப்பிடியை நான் வெளியிலிருந்து பிடித்திருந்தேன், அவள் தள்ளுவது நிற்கும்வரை.

ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, ஏன் விடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அண்ணா, அண்ணா என்று உயிராக இருந்தவளாயிற்றே என்கிறீர்கள். அதனால்தான், சார். விட்டிருந்தால் அவள் போயிருப்பாள்.